கூப்பிடு தூரத்தில் குமரிக்கண்டம்

அந்த அம்மாள் கல்லின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். காணாமல் போன தன் மாட்டைச் சந்தையில் அடையாளம் கண்டவர் அப்படித்தான் கை வைப்பார்.

இடம் திண்டுக்கல்லில் ஹனீபா பாயின் தோல் மண்டி. உச்சி வெயில் நேரம். உப்புத் தடவி அடுக்கிய ஆட்டுத்தோலின் வாடைக்கு வெளியூர்க்காரர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார்கள். அவர் பொத்தவில்லை. தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் மடித்து வைத்த செய்தித்தாள் துண்டு. அதில் அந்தக் கல்லின் படமும், கல்லுக்குப் பக்கத்தில் பொன்னாடையோடு நிற்கும் என் படமும் இருந்தன.

பெயர் ரோசம்மாள் என்றார். கணவர் இல்லை. கடற்கரையில் அவருடைய அப்பா பெயரில் பதினோரு சென்ட் நிலம் இருந்தது. வருஷத்துக்கு இத்தனை அடி என்று கடல் அதைத் தின்றுவிட்டது. நிலம் இழந்தவர்களுக்கு வேறிடத்தில் வீட்டு மனை கொடுக்கப் பட்டியல் எடுக்கிறார்கள். நிலம் கடலுக்குள் போனதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். மாதக் கடைசியோடு பட்டியல் மூடப்படும். இவ்வளவையும் தண்ணீர் குடிப்பதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார்.

"இது எங்க கொல்லை மூலையில நின்ன கல்லு சார். இதுலதான் அப்பா வலை கட்டி உலத்துவாவ. நீங்க சர்வே ஆபீஸ்ல இருக்கீகளாமே. பாத்துச் சொல்லுங்க. இது சர்வே கல்லுதானே?"

நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தேன். அதில் தூசி எதுவும் இல்லை.

ரப்பர் ஸ்டாம்ப் உள்ள மன்றம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் அளவைச் சங்கிலியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நில அளவைத் துறையில் முப்பது வருஷம் வரைவாளராக இருந்தவனுக்குக் கடலோடு என்ன சம்பந்தம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. திண்டுக்கல்லில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் தெரியாது. மலைக்கோட்டையின் மேல் ஏறினாலும் தெரியாது. குடிதண்ணீர் வராத வாரங்களில் ஆழமான தண்ணீர் என்று எதையும் கற்பனைகூடச் செய்ய முடியாத ஊர் இது.

அதனால்தானோ என்னவோ, கடலுக்கு அடியில் போன நிலத்தைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் ஒரு மன்றம் இருந்தது. மூன்று பேர். பழந்தமிழ் நூல்களைக் கரைத்துக் குடித்த சூசை வாத்தியார். தோல் வியாபாரி ஹனீபா. நான். ஹனீபாவின் மண்டியில் ஞாயிற்றுக்கிழமை பகலில் கூடுவோம். பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் மன்றத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினோம். அந்த ஸ்டாம்பைக் குத்த எங்களிடம் எந்தக் காகிதமும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான் படம் வரைந்தேன்.

குமரிக்கண்டத்துக்குப் படம் வரைந்தவர்கள் பலர். அவர்கள் படங்களில் நிலம் மேகம்போல மிதக்கும். என் படம் அப்படி இல்லை. அலுவலகத்தில் கிராமப்படம் வரைகிற துணியில், அதே மையில், அதே குறியீடுகளோடு வரைந்தேன். நாற்பத்தொன்பது நாடுகள் என்று சொல்வார்களே, நாற்பத்தொன்பதுக்கும் எல்லைக்கோடு போட்டேன். மூன்று நாடுகள் சந்திக்கும் இடங்களில் முச்சந்திக் கல்லுக்கான முக்கோணம் போட்டேன். பஃறுளி ஆற்றுக்கு நீலக் கோடு. அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்கு மெல்லிய கோடு. கற்பனைதான். ஆனால் அரசாங்கப் படம்போல இருந்தது. பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

ஹனீபா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டியில் மாட்டினார். தோல் வாங்க வருகிறவர்களிடம், "சர்வேயர் போட்ட படம். ஒரு லிங்க் தப்பு இருக்காது" என்பார். லிங்க் என்றால் அளவைச் சங்கிலியின் ஒரு கண்ணி. நான் சர்வேயர் அல்ல, வரைவாளர் என்று ஆரம்பத்தில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஹனீபாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். திருட்டு மாட்டின் தோல் சந்தைக்கு வரும்போது சூட்டுக்குறியைச் சீவி எடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஹனீபா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். "இந்த எடத்துல ஒண்ணு இருந்திருக்குய்யா" என்று தோலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கல்லுக்கு விழும் தழும்பு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைவாளர்களையும் களத்துக்கு அனுப்புவார்கள். எனக்குக் குஜிலியம்பாறைப் பக்கம். மானாவாரிக் காடு. நிழலுக்கு வேலிக் கருவேலம்தான். புலப்படத்தில், அதாவது ஒவ்வொரு நிலத்துக்குமான அளவைப் படத்தில், இருக்கிற அளவைக் கல் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

பாதிக் கற்கள் இருக்காது. அவற்றைத் தேடி ஊருக்குள் போனால் கிடைக்கும். ஒரு வீட்டில் வாசற்படியாக இருக்கும். ஒரு வீட்டில் துணி துவைக்கிற கல். இன்னொரு வீட்டில் அம்மிக்கு முட்டுக்கொடுத்திருப்பார்கள். கேட்டால், "சும்மாதான சார் கெடந்துச்சு" என்பார்கள். என் வீட்டுக் கொல்லையில் இருக்கிற துவைகல்லைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

நின்ற இடத்திலேயே நிற்கும் கற்களுக்கு வேறு அடையாளம் உண்டு. ஆட்டையோ கன்றையோ அதில்தான் கட்டுவார்கள். வருஷக்கணக்கில் கயிறு உரசி உரசிக் கல்லின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் விழும். விரலை வைத்தால் வழவழவென்று இருக்கும். நூறு கற்களில் அந்தத் தழும்பைத் தொட்டிருக்கிறேன். இருட்டில் தொட்டாலும் எனக்குத் தெரியும்.

கூடவே இரண்டு குறிகள். அளவைக் கல்லின் தலையில் ஒரு கூட்டல் குறி வெட்டியிருக்கும். பக்கவாட்டில் ஓர் அம்பு முனை. அந்த அம்புதான் அது அரசாங்கக் கல் என்பதற்கு அத்தாட்சி.

கடலில் ஒரு பகல்

பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தபோது, என் படத்தில் குமரிக்கண்டத்தின் வடக்கு வாயில் என்று தூத்துக்குடிக்கு வடக்கே குறித்திருந்த இடத்தை நேரிலேயே தேடிப் பார்த்துவிடுவது என்று ஹனீபா முடிவு செய்தார். சூசை வாத்தியாருக்கு அந்தக் கடற்கரையில் மாதா கோயில் பங்குச் சாமியார் ஒருவரைத் தெரியும். அவர் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வள்ளத்தையும், சங்கு எடுக்கும் குளியாளி ஒருவரையும் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

காலையில் கிளம்பினோம். ஹனீபா கரை மறைவதற்குள் வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டார். நான் கைத்திசைகாட்டியையும் அளவுப் புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளியாளி நான்கு இடங்களில் மூழ்கினார். மணல். மறுபடி மணல். ஓர் இடத்தில் சேறு. சூசை வாத்தியார் அந்தச் சேற்றையும் ஒரு பாட்டிலில் அடைத்து வைத்துக்கொண்டார்.

பிற்பகலில் திரும்பினோம். ஹனீபா சற்றுத் தேறட்டும் என்று கரைக்குக் கொஞ்சம் முன்னால் நங்கூரம் போட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்தோம். கரையில் வலை பிரிக்கிறவர்கள் பேசுவது கேட்டது. கிளம்பும்போது நங்கூரக் கயிறு எதிலோ மாட்டிக்கொண்டது. குளியாளி சலிப்போடு இறங்கினார். தலையை வெளியே நீட்டி, "தூணு மாதிரி ஒண்ணு நிக்கி" என்றார்.

வள்ளத்து ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து அதை அசைத்துப் பிடுங்கி வள்ளத்தில் ஏற்றினார்கள். சதுரமாகச் செதுக்கிய கருங்கல். மேலெல்லாம் சிப்பி. ஹனீபா அதைக் கட்டிக்கொண்டு அழுதார். வாந்தியும் கண்ணீருமாக என்னைப் பார்த்து, "வாசக்கல்லுய்யா இது, சர்வேயரே" என்றார்.

நாற்பத்தொன்பது நாடுகளைத் தேடிப் போனவர்கள், கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அதைக் கண்டுபிடித்தோம். அது எங்களுக்கு விசித்திரமாகப் படவில்லை.

நான் மட்டும் பழக்கத்தால் ஒரு காரியம் செய்தேன். கல் நின்ற இடத்திலிருந்து மாதா கோயில் சிலுவைக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும், ஐஸ் பேக்டரியின் கூரை முனைக்கும் கோணம் எடுத்து அளவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். முப்பது வருஷமாக ஒரு கல்லைப் பார்த்தால் கை தானாகச் செய்கிற வேலை அது.

மூன்று தட்டு

கல்லை நானே சுத்தம் செய்து தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆள் வைத்தால் உடைத்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னேன்.

சிப்பியைச் சுரண்டச் சுரண்டக் கழுத்தில் வழவழப்பான வளையம் தெரிந்தது. தலையில் கூட்டல் குறி. பக்கவாட்டில் அம்பு.

அப்போதுகூட, வேறு எங்கிருந்தோ கடலில் வந்து விழுந்த கல்லாக இருக்கலாம் என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. அதையும் நானே அடைத்தேன். அந்த மாவட்டத்தில் வேலை பார்த்த பழைய சகா ஒருவருக்கு எழுதி, அந்தக் கிராமத்தின் புலப்படங்களை வரவழைத்தேன். என் மூன்று கோணங்களையும் அதன்மேல் கோடுகளாக இழுத்தேன். கோடுகள் கூடிய இடத்திலிருந்து மூன்று மீட்டரில் ஒரு புலத்தின் தென்கிழக்கு மூலைக்கல் இருந்தது. ஆடும் படகிலிருந்து எடுத்த கோணத்துக்கு மூன்று மீட்டர் ஒரு பிழையே அல்ல. கனமான கல் அலையில் நடந்து போகாது. அடியில் மண் அரிக்க அரிக்க நின்ற இடத்திலேயே கீழே இறங்கும். புலத்தின் பரப்பு பதினோரு சென்ட். பட்டாதாரர் பெயரும் பதிவேட்டு நகலில் இருந்தது.

ஆக எனக்குச் சந்தேகம் இருந்தது என்று எழுத முடியாது. நான் அளந்து சரிபார்த்திருந்தேன்.

அதற்குள் சூசை வாத்தியார் பத்திரிகைக்காரரிடம் பேசிவிட்டார். என் படத்தையும் அச்சிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பொன்னாடைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஹனீபாவின் மனம் நோகக் கூடாது என்றுதான் அடுத்த காரியத்தைச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது உண்மை இல்லை. என் படம் அச்சில் வர வேண்டும் என்று நினைத்தேன். முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான படம் வரைந்தவன். ஒன்றிலும் என் பெயர் இருந்ததில்லை.

உளியை எடுத்து அம்பின் மேல் மூன்று தட்டுத் தட்டினேன். பிறகு உப்புத்தாளால் தேய்த்தேன். கூட்டல் குறியை விட்டுவைத்தேன். அதற்கு விளக்கம் சொல்ல ஆள் கிடைப்பார்கள் என்று தெரியும். கிடைத்தார்கள்.

மண்டியில் சொன்ன பதில்

அந்த மாதத்திலேயேதான் ரோசம்மாள் வந்தார். அவர்கள் ஊர்ச் சாமியார் செய்தித்தாளைக் காட்டியிருக்கிறார்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நான் சொன்னது இது:

"இல்லம்மா. சர்வே கல்லுன்னா பக்கத்துல அம்புக்குறி இருக்கணும். இதுல இருக்கான்னு நீங்களே பாருங்க."

அவர் குனிந்து நாலு பக்கமும் பார்த்தார். பிறகு விரலால் தேடினார். உளி பட்ட இடத்தில் விரல் நின்றது.

"இந்த எடம் மட்டும் புதுசா இருக்கே சார்."

"சிப்பியைச் சுரண்டும்போது பட்டது" என்றேன்.

அவர் ஹனீபாவைத் திரும்பிப் பார்த்தார். ஹனீபாவும் எழுந்து வந்து அதே இடத்தில் விரலை வைத்தார். சற்று நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"சர்வேயர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். அவரு பொய் பேசுற ஆளு இல்ல."

கடைக்கு ஆள் அனுப்பிப் பிரியாணி வரவழைத்தார். அந்த அம்மாள் சாப்பிடவில்லை. பொட்டலத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். செய்தித்தாள் துண்டைக் கல்லின் மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மன்றம் கூடவில்லை. ஹனீபாவுக்கு வியாபார வேலை என்று சொன்னார்கள். அடுத்த வாரமும் வேலை இருந்தது. மன்றம் அப்படியே நின்றுபோனது. நாங்கள் கடைவீதியில் பார்த்துக்கொள்வோம். சர்க்கரை அளவைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவோம். குமரிக்கண்டத்தைப் பற்றி அவர் என்னிடம் பிறகு பேசியதே இல்லை. அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நசீமாவின் போன்

சூசை வாத்தியார் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஹனீபா போன மழைக்காலத்தில் காலமானார். நாற்பதாம் நாள் கழிந்தபின் அவருடைய மகள் நசீமா போன் செய்தார். மண்டியைக் காலி செய்கிறார்கள். குமரிக்கண்டத்தைப் பற்றி வீடியோ போடும் யாரோ சிலர் கல்லைக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர் கொடுக்கவில்லை.

"அத்தா போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க மாமா" என்றார். "கல்லு யாரோடதுன்னு சர்வேயருக்குத் தெரியும், அவரு கொண்டுபோய்க் குடுத்துருவாருன்னு. வேற ஒண்ணும் சொல்லல."

ஹனீபா சீவிய தோலை விரலால் கண்டுபிடிக்கிறவர். அந்த மத்தியானமே அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு வெளியூர் அம்மாளின் முன்னால் அவமானப்படுத்த வேண்டாம் என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, தன் ஆயுளின் மிச்சத்துக்கும் நாங்கள் தேடிய நிலத்தைக் கைவிட்டிருக்கிறார். அதைச் சுமந்துகொண்டு என்னிடம் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அளவுப் புத்தகம் என் பீரோவில் இருந்தது. அதை நான் எரிக்கவில்லை. ஏன் எரிக்கவில்லை என்று தெரியாது. நல்ல எண்ணத்தால் என்று சொல்ல மாட்டேன். அளவுப் புத்தகத்தை அழிக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் முதல் நாள் கற்றுத்தருவது, அவ்வளவுதான்.

மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே

நிலக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குப் பூ ஏற்றிப் போகும் வேனில் கல்லுக்கு இடம் கேட்டேன். டிரைவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமி கல்லுங்களா?" என்றார். வீட்டுக் கல் என்றேன். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து ஈரச் சாக்குப் போட்டு மூடினார்.

அந்த ஊரில் ரோசம்மாளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கோயிலில் கேட்டேன், காட்டினார்கள். ஊருக்கு மேற்கே உப்பளத்துப் பக்கம், மகன் வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின்னால், தகரம் போட்ட ஓர் அறையில் இருந்தார். அன்றைய பட்டியலில் மனை கிடைத்தவர்களின் தெருவைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். நாற்பது வீடுகள் இருக்கும். வேம்பு வைத்து, அது நிழல் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கல்லை இறக்கியதும் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து கழுத்தில் கை வைத்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோணம், புலப்படம், உளி, பொன்னாடை. மன்னிப்புக் கேட்டேன். நான் முடித்ததும் அவர் சொன்னார்:

"அன்னைக்குக் கண்ணாடியைத் தொடைச்சீகல்லா. அப்பவே தெரியும் சார்."

திட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய், மகனுடைய பழைய நோட்டு ஒன்றையும் ஒரு பேனாவையும் எடுத்து வந்தார். விடுபட்டவர்களிடம் மறுபடி மனு வாங்குகிறார்களாம். கிடைக்குமா என்று தெரியாதாம். முன்பு மூன்று முறை கொடுத்து மூன்று முறையும் திரும்பி வந்ததாம்.

"எழுதுங்க" என்றார்.

கல் நின்ற இடம், எடுத்த கோணங்கள், அம்பை அழித்தது யார், எதற்காக என்பது வரைக்கும் எழுதினேன். என் பெயரையும் பழைய பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அளவுப் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், புத்தகத்தையே இணைப்பாக வைத்தேன். ஓய்வுபெற்றவன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதையும் அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மனுவில் கடைசியாக ஒரு பகுதி உண்டு. நிலத்தின் நான்கு எல்லைகள். பழைய பத்திரத்தைக் கேட்டேன். வடக்கே சித்தப்பா நிலம், தெற்கே கோயில் பாதை, மேற்கே தென்னந்தோப்பு, கிழக்கே கடல் என்று இருந்தது. அப்படியே எழுதத் தொடங்கினேன்.

அவர் நோட்டின் மேல் கையை வைத்து நிறுத்தினார். வெளியே கூட்டிக்கொண்டு போனார். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது, இருவருக்கும். கரையில் நின்று பார்த்தேன். நான் கோணம் எடுத்த மாதா கோயில் சிலுவை முன்பு கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. இப்போது அலை அதன் சுற்றுச்சுவர் வரை வந்து போய்க்கொண்டிருந்தது. தென்னந்தோப்பு இருந்ததாகப் பத்திரம் சொன்ன இடத்தில் ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது.

நான் கையை நீட்டி, கல் நின்ற இடம் அங்கே என்று காட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கையைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தினார்.

"நாலு பக்கமும் கடல்னு எழுதுங்க" என்றார்.

எழுதினேன்.